கூடத்துக்குள் நின்ற பஸ்

சனிக்கிழமை முற்பகல் பதினொரு மணிக்குக் கீழ்வீட்டுத் தபால்காரர் மூன்றாவது மாடிக்கு ஏறி வந்து கதவைத் தட்டினார்.

"உங்க வீட்டுக்குள்ள பஸ் நிக்குதாம்மா?"

"பஸ் இல்ல சார், ஸ்பீக்கர்."

"டீசல் வாடை வேற வருதே."

"அது எங்க வீட்டுக்காரர் சட்டை."

தபால்காரர் சொன்னதிலும் தப்பில்லை. நிலையத்தில் நின்றபடி உறுமுகிற பஸ் எஞ்சின் அந்தக் கூடத்தில் உறுமிக்கொண்டுதான் இருந்தது. ஜன்னல் கண்ணாடி நடுங்கியது. அலமாரியில் டம்ளர்கள் குளிர் கண்டதுபோல் பல் தந்தியடித்தன. சத்தமெல்லாம் நெஞ்சளவு உயரமுள்ள ஒரு மரப்பெட்டியிலிருந்து வந்தது. அதன் முன்னால் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. தபால்காரரும் போக மனமில்லாமல் வாசற்படியிலேயே நின்று, பஸ் கிளம்புகிறதா என்று ஐந்து நிமிடம் கேட்டுவிட்டுத்தான் இறங்கினார்.

அவளைப் பணிமனையில் எல்லோரும் பசை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். நகரப் பேருந்துகளின் கிழிந்த இருக்கைகளைப் பிரித்து, பஞ்சு மாற்றி, உறை தைத்து ஒட்டுவது பத்தொன்பது வருட வேலை. விரல் நுனிகளில் எப்போதும் காய்ந்த பசை தோலாக உரிந்துகொண்டிருக்கும். எந்தப் பசை எந்தத் துணியைப் பிடிக்கும், எது வெயிலில் விட்டுவிடும், எது ஆறு மாதத்தில் கல்லாகும் என்று மோந்து பார்த்தே சொல்லிவிடுவாள். கணவர் அதே பணிமனையில் கண்டக்டர். ஒருமுறை அவர் பஸ்ஸில் பின்சீட்டைப் பிரித்துக்கொண்டிருந்தவளிடம், "எத்தனை நேரம் ஆகும்?" என்று கேட்டார். "நீங்க கேக்காம இருந்தா அரை மணி" என்றாள். அங்கே ஆரம்பித்ததுதான் குடும்பம்.

ஸ்பீக்கர் பைத்தியம் பிறகு வந்தது. ஓட்டுநர்களின் ஓய்வறையில் ஒரு பழைய ஸ்பீக்கர் கரகரவென்று இருமத் தொடங்கியது. தூக்கி எறியச் சொல்லி அவள் கையில் கொடுத்தார்கள். முன்பக்கத் துணியைப் பிரித்துப் பார்த்தாள். உள்ளே காகிதக் கூம்பு நன்றாகத்தான் இருந்தது. கூம்பின் விளிம்பைச் சுற்றி மெத்தென்று ஒரு நுரை வளையம். அது மட்டும் மக்கி, தொட்டதும் ஊறிய ரொட்டிபோல் உதிர்ந்தது. அவளுக்கு ஒரே ஆச்சரியம். இது நம்ம வேலையாச்சே. நுரை, பசை, துணி. இருக்கைக்கும் இதற்கும் ஒரே வித்தியாசம், இது பாடும். வேறு வளையம் வெட்டி ஒட்டினாள். மறுநாள் ஓய்வறையில் செய்தி வாசித்தவரின் குரலில் இருந்த ஜலதோஷம் போய்விட்டது. அன்றைக்குப் பிடித்தது எட்டு வருடமாக விடவில்லை.

இப்போது கூடத்தில் இருந்த பெட்டிக்கு வருவோம். அது ஒற்றை இல்லை, ஜோடி. சக்கரக் காலணி மாட்டிச் சுற்றும் ஸ்கேட்டிங் அரங்கத்துக்குச் சொந்தம். கூரை மாற்றுவதற்காக இரண்டு வருடம் மூடிக் கிடந்த அரங்கம் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குத் திறக்கிறது. சரக்கறையில் தார்ப்பாய்க்கு அடியில் இந்த இரண்டு பெட்டிகளும் அகப்பட்டன. அரங்கத்தின் மேலாளர் ஒருகாலத்தில் சறுக்கு வீராங்கனை. கழுத்தில் எப்போதும் விசில் தொங்கும், பேரும் அதுதான், விசில் மேடம். அவர் பேச்சு சுருக்கம்.

"ஞாயித்துக்கிழமை காலைல இது ரெண்டும் ஹாலை நிறைச்சுப் பாடணும். பாடினா படிக்கட்டுக்குக் கீழ இருக்கற ரூம் உனக்கு. பட்டறை போட்டுக்கோ. பதிலுக்கு எங்க சவுண்டை நீதான் பாத்துக்கணும்."

"பாடலைன்னா?"

"திங்கக்கிழமை புதுசா பிளாஸ்டிக் ஸ்பீக்கர் மாட்டறவங்க வராங்க. அவங்க மெஷினெல்லாம் அந்த ரூம்லதான் வைக்கணுமாம்."

பசை அக்கா அந்த அறையைப் போய்ப் பார்த்தாள். சாய்ந்த கூரை, ஒரு ஜன்னல், இரண்டு பிளக், கதவுக்குப் பூட்டு. பார்த்ததுதான் தாமதம், எங்கே மேசை, எங்கே பசை அலமாரி என்று கண்ணாலேயே அளந்துவிட்டாள். ஏனென்றால் அவள் வீட்டில் பட்டறை என்பது குளியலறைக்குப் போகும் நடைவழி. மக்கிய கூம்புகளும் கழற்றிய பெட்டிகளும் ஒருபக்கச் சுவரை அடைத்துக்கொண்டதில், கண்டக்டர் ஐந்து வருடமாகப் பக்கவாட்டில் நடந்துதான் குளிக்கப் போகிறார். "பஸ்ல கூட்டத்துல நுழையறது பழக்கம்தான். ஆனா அங்க சம்பளம் குடுக்கறாங்க" என்பார்.

இரண்டு பெட்டியையும் ஒரே நேரத்தில் வீட்டுக்குள் கொண்டுவர வழியே இல்லை. ஒன்று கூடத்தில், இன்னொன்று அவள் தம்பியின் கிடங்கில். தம்பி மேடை நிகழ்ச்சிகளுக்கு ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிறவன். இடதை முடித்து அனுப்பிவிட்டு வலதை வரவழைத்தாள்.

வேலை சும்மா பறந்தது. பதினைந்து அங்குலக் கூம்பு. மக்கிய நுரையை ஸ்பிரிட் தொட்டுத் தொட்டுச் சுரண்டி, காகிதத்துக்குக் காயம் படாமல் பழைய பசையை எடுக்கவே இரண்டு சாயங்காலம். பிறகு நடுவில் இருக்கும் மூடியைப் பிரித்து, உள்ளே காந்தத்தின் இடுக்கில் நிற்கும் கம்பிச்சுருளைச் சுற்றிப் பழைய போட்டோ பிலிம் துண்டுகளைச் செருகினாள். சுருள் நட்டநடுவில் நிற்க வேண்டும், மயிரிழை சாய்ந்தாலும் உரசும். அப்புறம் வளையம், பசை, ஒரு ராத்திரி காயவிடல். காலையில் பிலிமை உருவிவிட்டு இரண்டு கட்டை விரலால் கூம்பை மெல்ல அழுத்தினாள். சத்தமில்லாமல் உள்ளே போய்ச் சத்தமில்லாமல் திரும்பி வந்தது. அவளுக்குக் கால் தரையில் படவில்லை.

கடைசியாக ஒரு சோதனை உண்டு. ஒரு பென்சில் பேட்டரியை ஸ்பீக்கரின் இரண்டு முனைகளிலும் தொட வேண்டும். கூம்பு ஒரு துள்ளு துள்ளும். சிவப்பு முனையில் பேட்டரியின் தலையை வைத்தால் கூம்பு வெளியே வர வேண்டும் என்பது இன்றைய வழக்கம். இடது கூம்பு உள்ளே போனது. அவள் பதறவில்லை. பழைய தயாரிப்பாளர் சிலர் தலைகீழாகத்தான் செய்வார்கள் என்று அவளுக்குத் தெரியும். இரண்டும் ஒரே பக்கம் துள்ளினால் போதும், எந்தப் பக்கம் என்பது முக்கியமில்லை.

வலதைச் சோதிக்கப் பேட்டரியை எடுக்கப் போனபோது அது இல்லை. அது டிவி ரிமோட்டிலிருந்து உருவியது. கண்டக்டர் திரும்ப உருவி ரிமோட்டில் போட்டுக்கொண்டிருந்தார்.

"ஏங்க, ஒரே நிமிஷம் குடுங்க."

"கடைசி ஓவர்ம்மா. உன் ஸ்பீக்கர் எங்கயும் ஓடிப் போகாது."

சரி, என்ன இப்போது? இரண்டும் ஒரே அச்சு. முதுகில் அடித்திருந்த எண்கள் கூட அடுத்தடுத்த எண்கள். வலது ஸ்பீக்கரின் கம்பி சேரும் இடத்தில் ஈயம் கொஞ்சம் பளபளப்பாக, வேறு கை பற்றவைத்ததுபோல் இருந்ததைப் பார்க்கத்தான் செய்தாள். 'யாரோ தொட்டிருக்காங்க' என்று நினைத்தாள். நினைத்துவிட்டு மூடியை ஒட்டிவிட்டாள்.

அடுத்தது ஆம்ப்ளிஃபையர். இதில்தான் அக்காவுக்கும் தம்பிக்கும் முட்டிக்கொண்டது. தம்பிக்கு உலகத்தில் ஒரே அளவுகோல், வாட்ஸ். சாப்பாட்டைக்கூட வாட்ஸில் பாராட்டுவான். இரண்டு பேர் தூக்கும் மேடை ஆம்ப் ஒன்றைப் படியேற்றிக் கொண்டுவந்து இறக்கினான்.

"ஐந்நூறு வாட்ஸ்க்கா. கூரைக்குப் போட்ட புதுத் தகரம் பறக்கும்."

"தகரம் இருக்கட்டும். இந்தச் சுருள் இருபத்தஞ்சு முப்பது வாட்ஸ் தாங்கும். உன் ஆம்ப் ஒரு தும்மல் போட்டா கருகிடும்."

"கொஞ்சமா வச்சுக்கலாம்."

"உனக்குக் கொஞ்சமா வைக்கத் தெரியுமா? குழம்புல உப்பைக்கூட அள்ளித்தான் போடுவ."

அவள் கணக்கு வேறு. பழைய பெரிய பெட்டிகள் குறைவாகத் தின்று நிறைய உழைக்கும் ரகம். புதுச் சின்னப் பெட்டி நூறு வாட்ஸைக் குடித்துவிட்டு முனகுகிற இடத்தில், இவை பத்து வாட்ஸில் வீட்டை இரண்டாக்கும். ஆகவே பலசாலி ஆம்ப் தேவையில்லை; தடுமாறாத ஆம்ப் தேவை. அதற்காக ரொம்பச் சின்னதும் கூடாது. சக்திக்கு மீறிக் கத்துகிற சின்ன ஆம்ப் சத்தத்தைப் பிய்த்துக் கொடுக்கும். அந்தப் பிய்ந்த சத்தம் பெட்டியின் மேலே இருக்கும் குட்டி உச்சஸ்தாயி ஸ்பீக்கரைத்தான் முதலில் சுடும்.

கூடத்தில் மூன்று ஆம்ப்கள் வரிசையாக நின்றன. பரிசோதனைக்குப் பாட்டு வைப்பது அவள் வழக்கமில்லை. பாட்டில் யார் எப்படிப் பாடினார்கள் என்று நேரில் கேட்டதில்லையே, எப்படி நம்புவது? அவளுக்கு ஆழமாகத் தெரிந்த சத்தம் ஒன்றே ஒன்று, நின்றபடி உறுமும் பஸ். பத்தொன்பது வருடமாக அந்த உறுமலுக்கு மேல் உட்கார்ந்து தைத்தவள். தம்பியின் நல்ல மைக்கைக் கடன் வாங்கி, பின்சீட்டில் வைத்துப் பதிவு செய்திருந்தாள். உறுமல் உட்காரும் இடத்தில் வந்து தட்டினால் ஸ்பீக்கர் தேறியது.

வால்வு போட்ட குட்டி ஆம்ப் முதலில். சிவப்பாகக் கனிந்து, கேட்கவே சுகமாக இருந்தது. ஆனால் குமிழைப் பாதிக்கு மேல் திருப்பியதும் எஞ்சினுக்குத் தொண்டை கட்டியது. தம்பியின் மலை அடுத்து. ஒன்றும் வைக்காதபோதே அதன் காற்றாடி இரைந்தது, ஸ்பீக்கரில் உஸ்ஸென்ற சத்தம். குமிழை ஒரு கோடு திருப்பியதும் கூம்பு பயந்து துடித்தது. அவள் பாய்ந்து அணைத்தாள். மூன்றாவது, ஒரு பள்ளிக்கூட அரங்கத்தில் கழித்துக் கட்டியது, நாற்பது வாட்ஸ், தகர டப்பாபோல் ஒரு மூஞ்சி. கரகரத்த குமிழ்களைக் கழுவி, உப்பிப் போன இரண்டு மின்தேக்கிகளை மாற்றியிருந்தாள். அதில்தான் பஸ் வந்து கூடத்தில் நின்றது. தபால்காரர் மாடி ஏறியதும் அதற்காகத்தான்.

"இதுதான்" என்றாள்.

"என் பேரைக் கெடுத்துடாதக்கா" என்றான் தம்பி. "வண்டியில என்னோடதையும் ஏத்திக்கறேன். எதுக்கும்."

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணி. அரங்கத்தின் புதுத் தரை எண்ணெய் தேய்த்ததுபோல் பளபளத்தது. வாசலில் ஏற்கெனவே பிள்ளைகளின் வரிசை. காலணிகளைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கதவு இடுக்கில் மூக்கை வைத்திருந்தார்கள். பாட்டுப் போடும் கண்ணாடி அறைக்குக் கீழே இரண்டு பெட்டிகளும் பக்கத்துப் பக்கத்தில் மேடையேறின. முதல்முறையாக இரண்டையும் ஒன்றாகப் பார்த்தவள் சற்று எட்டி நின்று இன்னொரு முறை பார்த்தாள். சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு, ஒயர்களை மாட்டினாள். பஸ்ஸைக் கிளப்பினாள்.

வந்தது பஸ் இல்லை. தையல் மெஷின்.

மேல்சத்தம் இருக்கிறது, தகரம் அதிர்வது இருக்கிறது. அடியில் உறுமல் மட்டும் இல்லை. யாரோ எஞ்சினைக் கழற்றிக்கொண்டு வண்டியை மட்டும் விட்டுவிட்டுப் போனதுபோல். குமிழைக் கூட்டினாள். தையல் மெஷின் வேகமாகத் தைத்தது.

விசில் மேடம் கைகட்டி நின்றார். "இதுக்குத்தான் ஒரு மாசமா?"

"நேத்து வீட்ல நல்லா இருந்துது மேடம்."

"நேத்து உங்க வீட்ல திறப்பு விழா இல்ல."

கண்டக்டர் மெதுவாகக் காதருகே வந்தார். "பிளக் சரியா மாட்டியிருக்கா?" அவள் பார்த்த பார்வையில் இரண்டடி பின்னால் போனார்.

தம்பிக்கு இது திருவிழாக் கூட்டத்தில் வழி கிடைத்ததுபோல். "நான்தான் சொன்னேனே. ஹால் பெருசு, நாப்பது வாட்ஸ் மூக்குப்பொடி. மேடம், என் ஆம்பை மாட்டிரட்டுமா? ரெண்டே நிமிஷம்."

"மாட்டு" என்றார் விசில் மேடம்.

பசை அக்கா பெட்டிகளுக்கு முன்னால் வந்து நின்றாள். மணி ஒன்பது முப்பத்தைந்து. ஐந்நூறு வாட்ஸை மாட்டினால் உறுமல் ஒருவேளை வரும். கூடவே சுருளும் போகும். முதல் பாட்டில் போகுமோ மூன்றாவதில் போகுமோ, அவ்வளவுதான் கணக்கு. வேண்டாம் என்றால் அறை போகிறது. அவள் வாயைத் திறப்பதற்குள் தம்பி பின்பக்கம் போய் ஒயரை உருவத் தொடங்கிவிட்டான், ஆம்பை அணைக்காமலேயே. ஓடும்போது கழற்றாதே என்று அவனுக்கு நூறு தடவை சொல்லியிருக்கிறாள். அவன் ஒரு தடவையும் கேட்டதில்லை.

வலது பெட்டியின் ஒயர் கையோடு வந்தது.

பஸ் வந்தது.

சத்தியமாக வந்தது. ஒற்றைப் பெட்டிதான் ஓடுகிறது, ஆனால் தரை அதிர்கிறது, அவள் பாதத்தில் உறுமல் ஏறுகிறது.

"தொடாத" என்றாள். "எதையும் தொடாத. அந்த ஒயரைத் திரும்ப மாட்டு."

"மாட்டணுமா, தொடக்கூடாதா? ஒண்ணு சொல்லு."

"மாட்டு."

மாட்டினான். பஸ் போனது, தையல் மெஷின் வந்தது.

"கழட்டு."

பஸ்.

"மாட்டு."

தையல் மெஷின்.

"அக்கா, எனக்குக் கை வலிக்குது."

அவள் சிரித்துவிட்டாள். ஒன்று பாடினால் கனம் இருக்கிறது, இரண்டும் பாடினால் கனம் போகிறது. கூட்டினால் குறைகிற கணக்கு உலகத்தில் வேறெங்கே உண்டு? இடது கூம்பு வெளியே தள்ளும்போது வலது உள்ளே இழுக்கிறது. ஒன்று கொடுத்த காற்றை இன்னொன்று பிடுங்கிக்கொள்கிறது. ஆம்ப்மேல் ஒரு குற்றமும் இல்லை. பளபளத்த அந்த ஈயம் கண்முன் வந்து நின்றது. எப்போதோ எவரோ வலது ஸ்பீக்கருக்குச் சுருள் மாற்றி, இன்றைய வழக்கப்படி கம்பியைச் சேர்த்திருக்கிறார்கள். சிவப்பு சிவப்புதான், துள்ளுகிற பக்கம்தான் வேறு.

"ஒரு பேட்டரி வேணும்" என்றாள். கண்டக்டர் சட்டைப்பையைத் தடவினார். சில்லறை, விசில், சீப்பு. அவள் சுற்றிலும் பார்த்தாள். சுவரில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்குக் கடிகாரம். நாற்காலியில் ஏறிக் கழற்றி, முதுகிலிருந்து பேட்டரியை உருவிக்கொண்டு திரும்ப மாட்டினாள். ஒயர்களைக் கழற்றிவிட்டு இடதின் முனைகளைத் தொட்டாள்: கூம்பு உள்ளே. வலதைத் தொட்டாள்: வெளியே. டிவியில் அந்தக் கடைசி ஓவர் ஓடாமல் இருந்திருந்தால் இது போன வாரமே தெரிந்திருக்கும். கண்டக்டர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நாற்காலியைத் துடைத்தார். கெட்டிக்கார மனிதர்.

வலது பெட்டியின் முதுகில் இரண்டு ஒயர்களை இடம் மாற்றினாள். இவ்வளவுதான் வேலை, அரை நிமிடம். பஸ்ஸைக் கிளப்பினாள்.

விசில் மேடம் சட்டென்று வாசல் பக்கம் திரும்பினார். "யாரு பஸ்ஸை உள்ள விட்டது?"

தம்பி தரையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். "எத்தனை வாட்ஸ்க்கா போகுது?"

"குமிழைப் பாரு."

குமிழ் மூன்றில் இருந்தது. மொத்தம் பத்து. தம்பி தன் மலையை வண்டியிலிருந்து இறக்கவே இல்லை. கண்டக்டர் அவன் தோளில் தட்டினார். "விடு மாப்ள. டிக்கெட் எடுத்துட்டு ஏறாம நின்னதா வச்சுக்கோ."

கதவு திறந்தது. பிள்ளைகள் அணை உடைந்தாற்போல் வந்து விழுந்தார்கள். பாட்டு தொடங்கியது, முரசடி தரை வழியாக ஏறியதும் முதல் சுற்றிலேயே கூட்டம் தாளத்துக்குக் கால் மாற்றியது. ஒருத்தி வேண்டுமென்றே பெட்டிகளுக்கு முன்னால் வந்து விழுந்து, அங்கேயே உட்கார்ந்துகொண்டாள். பசை அக்கா பாட்டு அறையின் கண்ணாடி வழியாகக் கூம்புகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டும் சேர்ந்து வந்தன, சேர்ந்து போயின.

பன்னிரண்டு மணிக்கு முதல் கூட்டம் இறங்கி அடுத்த கூட்டம் ஏற வேண்டும். விசில் மேடம் அவ்வப்போது சுவரைப் பார்த்தார். பரபரப்பில் மணியைப் படிக்கவில்லை, இரண்டு முள்ளும் உச்சியில் சேரவில்லை என்பது மட்டும் கண்ணில் பட்டது; இன்னும் நேரமிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். பாட்டுமேல் பாட்டு ஓடியது. எவரும் களைக்கவில்லை. வாசலில் ஏதோ கூச்சல் கேட்க, மேடம் போய்ப் பார்த்தார். அடுத்த கூட்டம். அவர்கள் கையில் கடிகாரம் இருந்தது. மணி பன்னிரண்டே முக்கால்.

மேடம் உள்ளே வந்தார். சுவரை நிமிர்ந்து பார்த்தார். ஒன்பது முப்பத்தெட்டு. நேராகப் பாட்டு அறைக்கு ஏறி வந்தார்.

"என் கடிகாரத்துல ஏதாவது எடுத்தியா?"

பசை அக்கா நாக்கைக் கடித்துக்கொண்டு இடுப்புப் பையில் கைவிட்டாள். பேட்டரி அங்கேதான் இருந்தது.

"மன்னிச்சுக்கோங்க மேடம். மறந்தே போச்சு."

"வெளிய இருக்கறவங்க என்னைக் கொன்னுடுவாங்க." மேடம் விசிலை எடுத்து ஓங்கி ஊதினார். எவர் காதிலும் விழவில்லை. பாட்டு அவ்வளவு நிறைவாக இருந்தது. மேடம் விசிலைப் பார்த்தார், பெட்டிகளைப் பார்த்தார், பிறகு பாக்கெட்டிலிருந்து ஒரு சாவியை எடுத்தார்.

"முதல்ல பேட்டரி" என்றார்.

பேட்டரி அந்தக் கைக்குப் போனது. சாவி இந்தக் கைக்கு வந்தது.

அன்று பிற்பகலே தம்பியின் வண்டியில் இரண்டு நடையாக நடைவழியின் கூம்பு, பெட்டி, பசை டப்பா எல்லாம் படிக்கட்டுக்கு அடியிலிருந்த அறைக்குப் போய்ச் சேர்ந்தன. சாயங்காலம் கண்டக்டர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு குளிக்கக் கிளம்பினார். நடைவழி வெறிச்சென்று அகலமாகக் கிடந்தது. அவர் வயிற்றை எக்கி, சுவரோடு சுவராக ஒட்டி, பக்கவாட்டிலேயே நடந்து போனார்.